பாலத்தில் லைன் மாறும் நேரம்

ரூபேந்திரன் என்ற பெயர் முதல்முறை என் திரையிலிருந்து மறைந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஓர் ஆய்வுக்காக ஊரில் உள்ள எல்லாரையும் கேட்க முடியாதபோது யாரைக் கேட்பது, அவர்களை எப்படிப் பொறுக்குவது என்று தொண்டை வறள விளக்கிக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில், ரூபேந்திரன் வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ரூபேந்திரன் சேர்ந்தார் என்று இன்னொரு வரி. அடுத்த வகுப்பிலும் இதே கதை. அதற்கடுத்த வகுப்பிலும் இதே கதை. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு மறுபடியும் வந்து உட்காருகிற மனிதரை என்ன செய்வது?

நான் டொரத்தி. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்புப் படிக்கிறவர்களுக்கான ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறைகள் என்ற பாடம் எடுக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு வகுப்பு. பெர்மாஸ் ஜெயாவில் என் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. மேசைக்கு நான்கு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் நான், ஒன்றில் மடிக்கணினிப் பை. மற்ற இரண்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கின்றன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ரேமண்ட் குடும்பத்தோடு ஆயர் ஈத்தாமில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதில் அவனுக்கு உண்மையாகவே அக்கறை உண்டு. அதற்குமேல் என்ன கேட்பது என்றுதான் தெரியாது.

முன்பெல்லாம் வகுப்பு, சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. மாணவர்கள் தொழிற்சாலைச் சீருடையோடு அப்படியே வருவார்கள். யாராவது ஒருவர் எண்ணெய் கசிந்த காகிதப் பையில் பீசாங் கோரெங் வாங்கி வருவார். முதல் துண்டு எனக்கு. வாழைப்பழ பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு கருதுகோள் என்றால் என்ன என்று நான் விளக்கியதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிறகு பெருந்தொற்று வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் போனோம். அது முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்தார்கள். என் வகுப்பு மட்டும் வரவில்லை. பெட்ரோல் மிச்சம், டோல் மிச்சம், ஜாம் இல்லை என்று மாணவர்களே கேட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் பாடம் நடத்திய அறையில் இப்போது உடற்பயிற்சி நிலையம் நடக்கிறது.

இப்போது என் மாணவர்கள் கறுப்புக் கட்டங்கள். கட்டத்துக்குள் ஒரு பெயர், அல்லது பெயரின் முதல் எழுத்து. கேமராவைத் திறக்கச் சொன்னால் லைன் சரியில்லை என்பார்கள். கேள்வி கேட்டால் கட்டங்கள் எல்லாம் ஒன்றுபோல மௌனமாக இருக்கும். நகைச்சுவை ஒன்று சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்து பார்த்தால்தான் தெரியும், ஒரு மேசைக்கு முன்னால் ஒரு மனுஷி எவ்வளவு முட்டாளாகத் தெரிய முடியும் என்று.

ஆகவே அந்த மூன்றாவது வகுப்பில் பொறுமை இழந்து கேட்டுவிட்டேன். “மிஸ்டர் ரூபேந்திரன், போறதும் வர்றதுமா இருக்கீங்க. என் கிளாஸ் என்ன பசார் மாலாமா, ராத்திரிச் சந்தையில கடை கடையா சுத்திப் பாத்துட்டுப் போறதுக்கு?”

பதில் எழுத்தில் வந்தது. “சாரி மேடம். வேல முடிஞ்சி சிங்கப்பூர்லருந்து திரும்பிக்கிட்டு இருக்கேன். மோட்டர்ல. பாலத்து நடுவுல அந்த ஊரு போன் லைன் போயி நம்ம ஊரு லைன் வரும். அதுக்குள்ள கட்டாயிரும்.”

“வண்டி ஓட்டிக்கிட்டா கிளாஸ் கேக்குறீங்க?”

“ஓட்டல மேடம். ஜாம். எல்லாரும் கால ஊனிக்கிட்டுத்தான் நகர்றோம். பாலம் தாண்டுனதும் பெட்ரோல் ஸ்டேஷன்ல நிப்பாட்டி மிச்சத்த கேட்டுட்டுத்தான் செடெனாக்ல இருக்குற வீட்டுக்குப் போவேன்.”

மற்றவர்கள் எல்லாம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார்கள், அல்லது கேட்காமல் இருக்கிறார்கள். இந்த மனிதர் ஹெல்மெட்டுக்குள் என்னை வைத்துக்கொண்டு கடலைக் கடக்கிறார். அதன் பிறகு அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வகுப்பில் அவர் பெயர் மறைந்ததும் நான் பேச்சை நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கிறேன் என்று மற்றவர்களிடம் பொய் சொன்னேன். ஒரு முக்கியமான விளக்கத்தின் நடுவில் இருந்தேன், அதை அவர் தவறவிடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவர் பெயர் திரும்பி வந்தது. கூடவே எழுத்தில் ஒரு சொல்: ஆடா. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் மலாயில் சொல்லும் பதில். இருக்கிறேன் என்று அர்த்தம். நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

அது பழக்கமாகிவிட்டது. அவர் பெயர் போகும், நான் நிறுத்துவேன். தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்வதைக்கூட விட்டுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கோப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவேன். என் மாடியிலிருந்து நீரிணையும் அந்தப் பக்கத்துச் சிங்கப்பூர் விளக்குகளும் தெரியும். பாலம் தெரியாது. ஆனால் அது எந்தப் பக்கம் என்று தெரியும். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆடா என்று வந்ததும் போய் உட்காருவேன். சீக்கிரம் மறைந்தால் இன்று ஜாம் குறைவு என்று தெரிந்துகொள்வேன். தாமதமானால் பொதுவிடுமுறைக்கு முந்தைய நாளாக இருக்கும். ஒருவர் எப்போது வீட்டுக்குத் திரும்புகிறார் என்று கணக்கு வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் புதிய அனுபவம். அது பிடித்திருந்தது என்று சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? பிடித்திருந்தது.

அவர் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பச் சொன்னபோது எல்லாருடைய திட்டமும் ஒரே தையல்காரர் தைத்த சட்டை மாதிரி வந்து சேர்ந்தது. அதே மென்மையான ஆங்கிலம், அதே முன்னுரை, அதே முடிவுரை. செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி எழுதி வாங்கியவை என்பது குருடருக்கும் தெரியும். ஒவ்வொருவரையும் தனியே கேட்டேன். எல்லாரும் தாங்களே எழுதியதாகச் சொன்னார்கள். ரூபேந்திரன் மட்டும் உடைத்துச் சொல்லிவிட்டார்.

“நான் எழுதல மேடம். போன்ல அதுகிட்ட கேட்டேன், அது எழுதிக் குடுத்துச்சு.”

“படிச்சாவது பாத்தீங்களா?”

“பாதி படிச்சேன் மேடம். தூக்கம் வந்துருச்சு.”

சிரித்துவிட்டேன். பிறகு அவர் தானே எழுதி ஒன்று அனுப்பினார். பிழை மலிந்த ஆங்கிலம். பாலத்து ஜாமில் தினமும் நிற்கிற தொழிலாளர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வு. என் வகுப்பில் அந்தப் பருவத்தில் மனிதர் எழுதிய ஒரே ஆய்வு அதுதான்.

பருவத்தின் நடுவில் ஷாமளா போன் செய்தாள். என்னிடம் படித்தவள்தான். இப்போது பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர், ஒரு வகையில் எனக்கு மேலதிகாரி.

“மேடம், கோவிச்சிக்காதீங்க. அடுத்த செமஸ்டர்ல இருந்து லைவ் கிளாஸ் வேணாம்னு மேல பேசிக்கிறாங்க. இந்த செமஸ்டர் ரெக்கார்டிங்கயே போட்டுக்கலாம்னு சொல்றாங்க. நீங்க அசைன்மென்ட் மட்டும் திருத்துனா போதும்.”

“அப்ப நான் யாருகிட்டயும் பேச வேண்டியதே இல்ல.”

“உங்களுக்கு நல்லதுதான மேடம், ரெஸ்டா இருக்கலாம் லா. லைவ்ல எத்தன பேரு வர்றாங்க, நீங்களே சொல்லுங்க. மத்தவங்க எல்லாம் ரெக்கார்டிங்தான் பாக்குறாங்க. பாதிப் பேராவது லைவ்ல வந்தா நான் பேசிப் பாக்குறேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “இன்னொன்னு மேடம். உங்க ரெக்கார்டிங்ல ஒவ்வொரு கிளாஸ்லயும் நடுவுல சத்தமே இல்ல. வைஃபை ப்ராப்ளமா?” என்றாள்.

“ஆமா, வைஃபைதான்.”

“பரவால்ல மேடம். புது சாப்ட்வேர் வாங்கியிருக்கோம். உங்க கொரல மட்டும் வச்சிக்கிட்டு மத்த சத்தத்த எடுத்துரும். சும்மா இருக்குற எடத்தயும் அதுவே வெட்டிரும்.”

போனை வைத்தேன். வாரத்தில் இரண்டு மாலைகள். அந்த இரண்டு மாலைகளில்தான் என் குரலை நானே கேட்கிறேன். மற்ற நாட்களில் கடைக்காரரிடம் “புங்குஸ்” என்று சொல்வதோடு சரி. பொட்டலம் கட்டு என்று பொருள். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு அதற்குமேல் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது?

நான் கெஞ்சுகிற ஆள் இல்லை. கெஞ்சினேன். அடுத்த வகுப்பில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து, முடிந்தவரை நேரில் வாருங்கள், நண்பர்களையும் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நேரில் என்று சொன்னது எனக்கே வேடிக்கையாக இருந்தது. இரண்டு பேர் கட்டை விரல் படம் போட்டார்கள். அடுத்த முறை அந்த இரண்டு பேரும் வரவில்லை.

ஆனால் ரூபேந்திரன் வந்தார். பெயர் போகும், நான் நிற்பேன், ஆடா வரும். இவர் ஒருவர் வரும்வரை இது வகுப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்த மழை நாள். ஜொகூர் மழை சொல்லிவிட்டு வராது. ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், அந்தப் பக்கத்து விளக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பெயர் மறைந்தது. நான் நிறுத்தினேன். கோப்பி முடிந்தது. பெயர் வரவில்லை. “மேடம், கேக்குதா?” என்று ஒருவர் எழுதினார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஒருவர் ஒருவராக நன்றி மேடம் என்று எழுதிவிட்டு வெளியேறினார்கள். மிச்சமிருந்த இரண்டு மூன்று பேருக்கு என்ன நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. வகுப்பு முடிந்தும் இணைப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் திரையில் என் முகம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலையில் செய்தியைத் தேடினேன். மழையில் பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து, முப்பது வயது மதிக்கத்தக்க ஆண், மருத்துவமனையில். பெயர் போடவில்லை. ஷாமளாவைக் கூப்பிட்டேன்.

“மேடம், ஸ்டூடண்ட் நம்பர் குடுக்க முடியாது. ரூல்ஸ் இருக்கு. நானே கூப்பிட்டுப் பாக்குறேன்.” சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். “போன் ஆஃப்ல இருக்கு மேடம்.”

பல்கலைக்கழகப் போர்ட்டலில் அவருக்குச் செய்தி போட்டேன். நலமா, ஒரு வரி எழுதுங்கள் என்று. உடனே பதில் வந்தது. பதில் எழுதியது போர்ட்டலின் தானியங்கி அரட்டை இயந்திரம். என் செய்தி பெறப்பட்டதாகவும் என் நாள் இனிய நாளாக அமையட்டும் என்றும் சொல்லியிருந்தது. அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதற்கும் நன்றி சொன்னது.

அடுத்த வகுப்புக்கும் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாலை வகுப்பு இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு காரில் ஜொகூர் பாருவுக்குப் போனேன். குடிநுழைவுச் சோதனை முடிந்து மோட்டார் சைக்கிள்கள் ஊருக்குள் வந்து இறங்கும் சாலையின் ஓரத்தில் போய் நின்றேன். எதற்காகப் போனேன் என்று கேட்காதீர்கள். ஆய்வு முறைகள் பாடம் எடுக்கிற பெண், தேடுகிற ஆளின் அடையாளம் தெரியாமல் தேடக் கிளம்பினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்துகொண்டே இருந்தார்கள். காற்றுக்கு ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டுகளோடு, விடியுமுன் புறப்பட்ட மனிதர்கள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. தெரிந்தும் என்ன? ரூபேந்திரனை எனக்கு ஒரு கறுப்புக் கட்டமாகத்தான் தெரியும். அதில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்தையா தேடுவேன்?

பக்கத்தில் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாரையும் தேடுறீங்களாக்கா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“எப்பிடி இருப்பாரு? உயரமா, குட்டையா? என்ன வண்டி?”

“தெரியல,” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு, பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு காருக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று பிரிக்க முடியவில்லை.

மறுநாள் ஷாமளா கூப்பிட்டாள். “மேடம், கவலப்படாதீங்க. ரூபேந்திரன் நல்லாத்தான் இருக்காரு. சிஸ்டத்துல பாத்தேன், நேத்து உங்க ரெக்கார்டிங் ரெண்டு பாத்திருக்காரு. முழுசா. ஒன்றர ஸ்பீட்ல.”

புனித அந்தோனியாரிடம் வேண்டியிருந்தேன், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. அவருக்கு நன்றி சொன்னேன். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஒரு கணினி சொல்லி, அதை ஷாமளா சொல்லி நான் தெரிந்துகொண்டேன். நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. ஒன்றரை வேகத்தில் நான் எப்படிப் பேசுவேன் என்று போட்டுப் பார்த்தேன். சந்தையில் மீன் ஏலம் விடுகிறவள் மாதிரி இருந்தேன்.

பருவ இறுதியில் ஒவ்வொரு மாணவரோடும் ஆய்வைப் பற்றித் தனித்தனியாகக் கலந்து பேச வேண்டும், அதுவும் திரையில்தான். ரூபேந்திரனின் முறை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அவர் கேமராவைத் திறந்துவைத்திருந்தார். அப்படித்தான் அவருடைய முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். முன்நெற்றியில் முடி குறைந்த, வெயிலில் கறுத்த, சாதுவான முகம். பின்னால் சுவரில் ஒரு கோயில் நாள்காட்டி தொங்கியது. நான் மனதில் வைத்திருந்த முகம் இதுவல்ல. ஆனால் பார்த்த மறுகணமே அந்தப் பழைய முகம் எனக்கு மறந்துவிட்டது.

“அன்னைக்கி மழையில என்ன ஆச்சு?” என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

“போன் நனஞ்சி செத்துப்போச்சு மேடம். புதுசு வாங்கறதுக்கு ரெண்டு மூனு நாளாச்சு. அப்புறம் விட்டுப்போன கிளாஸ ரெக்கார்டிங்ல பாத்தேன். நல்லா வசதியா இருந்துச்சி. வீட்டுக்கு வந்து, குளிச்சி, சாப்பிட்டுட்டுப் பாக்கலாம். வேகமாவும் ஓட்டலாம். அதான் அப்பிடியே விட்டுட்டேன்.”

“நல்லதுதான். மழையில நனஞ்சிக்கிட்டு என்னக் கேக்கணும்னு என்ன இருக்கு?” என்றேன். அதை உண்மையாகவே சொன்னேன். உண்மையைச் சொன்னால் வலிக்காது என்று யார் சொன்னது?

ஆய்வைப் பற்றிப் பேசினோம். முடிக்கும் நேரத்தில் அவர் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார்.

“மேடம், ஒன்னு கேக்கலாமா? தப்பா நெனச்சிக்காதீங்க.”

“கேளுங்க.”

“மொத கிளாஸ்லருந்து எல்லா ரெக்கார்டிங்கும் பாத்தேன். நடுவுல நீங்க பேசாம இருக்கீங்க. எழுந்து ஜன்னலுக்குப் போறீங்க. மொதல்ல லைன் ப்ராப்ளம்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா எல்லா கிளாஸ்லயும் அப்பிடித்தான். நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க, ஒன்னு திரும்பத் திரும்ப நடந்தா அது கூடவே வேற என்ன நடக்குதுன்னு பாருன்னு. அதனால சாட்ல வந்ததயும் சேத்துப் பாத்தேன். நான் கட்டானதும் நிறுத்துறீங்க. நான் ஆடா போட்டதும் பேசுறீங்க.”

கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

“எனக்குத் தெரியாது மேடம். நான் கட்டாயி திரும்ப வந்து ஆடா போட்டதும், விட்ட எடத்துலருந்தே நீங்க பேசுறது கேக்கும். ஒன்னும் விட்டுப்போகலியேன்னு சந்தோசப்படுவேன். லக்குன்னு நெனச்சேன்.”

“தண்ணி குடிக்கப் போயிருப்பேன்,” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நான் வராத கிளாஸ்லயும் நிறுத்தியிருக்கீங்க மேடம்.”

அது எனக்கே தெரியாது. கடவுள் சத்தியமாகத் தெரியாது. அவர் வராத அந்த வாரங்களில் நான் என் பாட்டுக்கு நடத்திக்கொண்டு போனதாகத்தான் நினைத்திருந்தேன். பொய் ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை. “பழகிப்போச்சுப்பா,” என்றேன். மாணவர்களிடம் ‘ப்பா’ போட்டுப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அடுத்த வியாழக்கிழமைதான் கடைசி வகுப்பு, அதன் பிறகு நேரடி வகுப்பே கிடையாது என்று சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அப்படியா மேடம் என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசி வகுப்புக்கு ஒரு சிலர்தான் வந்திருந்தார்கள். அவர்களில் ஆர் எழுத்தும் இருந்தது. பார்த்ததும் முகம் மலர்ந்தது எனக்கே திரையில் தெரிந்தது. மறைக்கவில்லை. பருவம் முழுக்க நடத்தியதைச் சுருக்கிச் சொல்லத் தொடங்கினேன். வழக்கமான நேரம் வந்தது. இன்று ஜாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நேரமும் தாண்டியது. அவர் பெயர் அசையவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. அவர் இன்று பாலத்தில் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு செடெனாக்கில் தன் வீட்டில் உட்கார்ந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. இருந்தும் என் வாய் நின்றுவிட்டது. ஒரு வாக்கியத்தை முடித்தேன், அடுத்தது வரவில்லை. கோப்பையை எடுத்தேன், எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எனக்குப் பின்னால் மடிக்கணினியிலிருந்து சத்தம் கேட்டது. யாரோ தன் மைக்கைத் திறந்திருந்தார்கள். குக்கர் விசில் அடித்தது. ஒரு சின்னப் பெண் எதையோ கேட்டுச் சிணுங்கினாள். தட்டு வைக்கும் ஓசை. யாரோ, “சத்தம் போடாத, அப்பா கிளாஸ்ல இருக்காரு,” என்றார்கள். ஒரு வீட்டின் சத்தம் முழுவதும் என் சாப்பாட்டு அறைக்குள் வந்து நிறைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் அவருக்காக எவ்வளவு நேரம் நிற்பேனோ அவ்வளவு நேரம் அவர் எனக்காகப் பொறுத்திருந்தார். பிறகு அவர் குரல் கேட்டது. வகுப்பில் அதுவரை எழுத்தில் மட்டுமே வந்த சொல்.

“ஆடா, மேடம்.”

போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

அடுத்த பருவம் தொடங்கிவிட்டது. திருத்துவதற்குக் கட்டுரைகள் வருகின்றன. பதிவேற்றிய காணொளிகளின் இணைப்பை ஷாமளா அனுப்பியிருந்தாள். ரொம்ப சுத்தமா வந்திருக்கு மேடம் என்று எழுதியிருந்தாள். ஒரு வியாழக்கிழமை, ஏழு மணிக்குக் கை சும்மா இருக்க மறுத்ததால், அந்தக் கடைசி வகுப்பை ஓடவிட்டேன். உண்மையாகவே சுத்தமாகத்தான் இருந்தது. குக்கர் இல்லை, குழந்தை இல்லை, ஆடாவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வாக்கியம் முடிந்த கையோடு அடுத்த வாக்கியம் தொடங்கியது. அவர் இப்போது என் மாணவர் இல்லை. அவருடைய ஆய்வுக்கு நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் இந்தப் பருவத்திலும் யாராவது ஒருத்தர் பாலத்தில் இருப்பார்கள், காதில் என்னை மாட்டிக்கொண்டு.

காணொளியைப் பின்னால் தள்ளி, அந்த இடம் வந்ததும் நானே நிறுத்தினேன். கோப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், பாலம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கோப்பி முடிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து ஓடவிட்டேன். திரையில் இருந்த டொரத்தி யாருக்காகவும் நிற்காமல் பேசிக்கொண்டே போனாள்.